பிரஷர் பம்ப் போட்டதுல இருந்து சோலார் சுடுதண்ணி வரமாட்டேங்குது, என்ன பண்றது?

மொட்டமாடி_கோவை:
வணக்கம்ங்க. வீடு கோவை பக்கம், கீழ ஒரு பாத்ரூம், மாடில ரெண்டு. மொட்டமாடில ஆயிரம் லிட்டர் டேங்க், பக்கத்துலயே 200 லிட்டர் சோலார், கண்ணாடி டியூப் மாடல். மேல ஷவர்ல தண்ணி நூல் மாதிரிதான் வந்துட்டிருந்துச்சு, அதனால டேங்க்ல இருந்து இறங்குற பச்சத்தண்ணி லைன்ல மட்டும் ஒரு பிரஷர் பம்ப் மாட்டினோம். ஷவர் இப்ப சூப்பரா வருது ஆனா சுடுதண்ணி போயே போச்சு, மிக்ஸர முழுசா சுடுதண்ணி பக்கம் திருப்பினாலும் வெதுவெதுன்னுதான் வருது, கிச்சன்லயும் அதே கதை. ராத்திரி யாரும் குழாய தொறக்காமயே பம்ப் தானா ஓடி ஓடி நிக்குது, சோலார் மேல இருக்குற ஏர் வென்ட் பைப்ல இருந்து வேற தண்ணி கொட்டுது. பிளம்பர் சோலார்ல கோளாறுங்கறார், சோலார்க்காரர் பிளம்பிங்ல கோளாறுங்கறார். அந்த வென்ட் பைப்புக்கு எண்ட் கேப் போட்டு அடைச்சா சரியாயிடும்னும் ஒருத்தர் சொன்னார். அம்மாவுக்கு மூட்டு வலி, காலைல சுடுதண்ணி இல்லாம ரொம்ப கஷ்டப்படறாங்க. சோலார மாத்தணுமா?

குழாய்வேலை:
தம்பி மொதல்ல அந்த வென்ட்ட அடைக்காதீங்க, யார் சொன்னாலும் அடைக்காதீங்க. டியூப் மாடல் டேங்க் பிரஷர் தாங்குறதுக்கு செஞ்சதே இல்ல, உள்ள ஆவி சேர்ந்தா வெளிய போறதுக்கு அந்த ஒரு வழிதான் இருக்கு. அடைச்சீங்கன்னா டேங்க் உப்பி தையல் விட்டுரும்.

சோலார் நல்லாத்தான் இருக்கும். பச்சத்தண்ணி எங்கயோ ஒரு மிக்ஸர் வழியா சுடுதண்ணி லைனுக்குள்ள ஏறுது, அங்க இருந்து சோலாருக்கு போயி வென்ட்ல கொட்டுது, மீதி ஓவர்ஹெட் டேங்குக்கே திரும்ப போகுது, அதான் பம்ப் தானா ஓடுது. செக் பண்றது ஈஸி. சோலார் அவுட்லெட் வால்வ மூடிட்டு கிச்சன் சுடுதண்ணி குழாய தொறந்து விடுங்க, பைப்ல நிக்கிற தண்ணி வடிஞ்சு நின்னுரணும். நிக்காம வேகமா வந்துட்டே இருந்துச்சுன்னா பச்சத்தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு பாத்ரூமா போய் மிக்ஸர்ல ரெண்டு திருகையும் இறுக்கி மூடிட்டே வாங்க, எத மூடுறப்ப நிக்குதோ அதுதான் ஆளு. கை ஷவர் இருந்தா அத மொதல்ல பாருங்க, நெறைய பேர் கைல இருக்குற பட்டன மட்டும் விட்டுட்டு மிக்ஸர்ல ரெண்டையும் தொறந்தே வெச்சிருப்பாங்க.

சிவில்_ஈரோடு:
அண்ணா சொன்னது கரெக்ட். கணக்கு போட்டு பாத்தா இன்னும் தெளிவா புரியும். 10 மீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட 1 பார் பிரஷர். உங்க மாடி ஷவருக்கும் மேல டேங்க் தண்ணி மட்டத்துக்கும் 2 மீட்டர் வித்தியாசம்னு வெச்சா சுடுதண்ணிக்கு கெடைக்கறது வெறும் 0.2 பார். பம்ப் பக்கம் 1.5, 2 பார் வரும். அதனால என்ஆர்வி (தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடுற வால்வு) போட்டா தண்ணி ரிவர்ஸ்ல ஏறுறது நிக்கும், ஆனா மிக்ஸர்ல பச்சத்தண்ணிதான் ஜெயிக்கும், ஷவர் சூடா வராது. ரெண்டு லைனும் ஒரே பிரஷர்ல இருந்தாதான் மிக்ஸர் ஒழுங்கா வேலை செய்யும், வீடு கட்டறப்பவே இத யாரும் யோசிக்கறதில்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

வழி ரெண்டு இருக்கு. சோலார் அவுட்லெட்ல இன்னொரு பம்ப் போடலாம், ஆனா சுடுதண்ணிக்குன்னே வர்ற பம்பா இருக்கணும், லேபிள்ல எத்தன டிகிரி வரைக்கும்னு பாத்து வாங்குங்க, ஏன்னா வெயில் காலத்துல சோலார் தண்ணி 80 டிகிரிய சாதாரணமா தாண்டும். சோலாருக்கு உள்ள போற இன்லெட்ல பம்ப் போடவே கூடாது. இல்லன்னா மாடி பாத்ரூம்களுக்கு மட்டும் ஒரு கீசர், அதே பம்ப் லைன்லயே. பிரஷர் சமமாயிடும், கீழயும் கிச்சனுக்கும் சோலார் கிராவிட்டில போகட்டும், கீழ் வீட்டு பச்சத்தண்ணிய பம்ப் லைன்ல இருந்து கழட்டி டேங்க்ல இருந்து நேரா எடுத்துருங்க. கீசர்ல சேஃப்டி வால்வ மறக்காம மாட்ட சொல்லுங்க.

மொட்டமாடி_கோவை:
ரொம்ப நன்றிங்க. அண்ணன் சொன்ன மாதிரியே பாத்தேன், மாடில கெஸ்ட் பாத்ரூம் கை ஷவர்தான், ரெண்டு திருகும் தொறந்தே இருந்துச்சு. மூடின உடனே வென்ட்ல கொட்டுறது நின்னுருச்சு, பம்பும் சும்மா இருக்கு, கிச்சன்ல இப்ப நல்ல சுடுதண்ணி. ஆனா கீழ் பாத்ரூம்ல மொதல்ல கொஞ்ச நேரம் பச்சத்தண்ணியாவே வருது, அது எதனால?

குழாய்வேலை:
அது பைப்ல ஆறிப்போய் நிக்கிற தண்ணி தம்பி. முக்கால் இன்ச் சிபிவிசில (சுடுதண்ணிக்கு போடுற பிளாஸ்டிக் பைப்) மீட்டருக்கு கால் லிட்டர் நிக்கும், 16 மீட்டர் ஓட்டம்னா 4 லிட்டர், அத ஒரு பக்கெட்ல புடிச்சு வேற எதுக்காவது வெச்சுக்கங்க. மொட்டமாடில வெயில் மழைல கெடக்குற பைப்புக்கு கருப்பு ஃபோம் ஸ்லீவ் சுத்துங்க, மார்கழி குளிர்ல நல்லாவே வித்தியாசம் தெரியும். போர் தண்ணியா இருந்தா டியூப் உள்ள உப்பு படியும், வருஷத்துக்கு ஒருக்கா கழட்டி கழுவ சொல்லுங்க.

மொட்டமாடி_கோவை:
போர் தண்ணிதாங்க, கழுவினதே இல்ல. மாடிக்கு கீசரே போட்டுக்கறோம், கீழ் லைன பிரிக்க பிளம்பர ஞாயித்துக்கிழமை வர சொல்லியிருக்கேன்.