பெர்த்தூட் பாஸ் பக்கம் பனிச்சரிவு அபாயம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். டென்வரில் இருக்கிறேன். என் மச்சினன் இந்தச் சனிக்கிழமை இரண்டு நண்பர்களோடு பெர்த்தூட் பாஸ் என்கிற மலைக்கணவாய்ப் பக்கம் ஸ்கீயிங் போகிறான். ரிசார்ட்டுக்குள் இல்லை, ரோந்து ஆட்களே இல்லாத திறந்த மலையில்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் அபாயநிலை 3 என்று போட்டிருக்கிறது. "மொத்தம் அஞ்சுல மூணுதானே மாமா" என்கிறான். எனக்கு அதுதான் பயம். 3 என்றாலே ஆள் பாரம் பட்டுச் சரிய வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். வடக்கு பார்த்த சரிவுகளில் சீசன் தொடக்கத்தில் விழுந்த பனி அடியில் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்கிறதாம். அதன் மேல் புதுப்பனி, காற்று அள்ளிக் கொட்டிய பனி எல்லாம் கெட்டிப் பலகையாக உட்கார்ந்திருக்கிறது. கால் வைத்ததும் 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால் அடியடுக்கு உடைகிறது என்று பொருள்.

போன வாரம் அங்கே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன பார்த்தீர்கள்? சாய்வு 30 டிகிரிக்குக் குறைவான, மேலே செங்குத்துச் சரிவு தொங்காத வழி ஏதாவது தெரியுமா?

மூவரில் ஒருவனிடம் பீக்கன் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி) இல்லை. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். பீக்கன், புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) இரவல் தர முடிந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பனிச்சரிவுப் பயிற்சி முடித்தவர் யாராவது அவனிடம் போனில் பேசினால் பெரிய உதவி. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான். வெள்ளி இரவுக்குள் பதில் சொல்லுங்கள்.