தறப்பாள் நடுக்கயிறு சாமத்தில இளகின அனுபவம் ஆருக்கும் இருக்கோ?

முத்தையன்கட்டு வயல்காரன்
போன காலபோகம், கதிர் வந்த நேரம், பண்டிக் காவலுக்கு வயல்ல படுத்தனான். ரெண்டு பாலைமரத்துக்கு நடுவில நைலோன் கயிறு இழுத்துத் தறப்பாளைப் போட்டன், பின்னேரம் தட்டிப் பாக்க விண்ணெண்டு நிண்டது. சாமத்தில மழை. முழிச்சுப் பாத்தா முகத்துக்கு மேல ஒரு சாண் உயரத்தில தண்ணி தேங்கி வயிறு மாதிரித் தொங்குது. இழுத்துக் கட்டுவம் எண்டு போனா, மேல மேல போட்ட நாலு முடிச்சும் நனைஞ்சு கல்லாயிட்டுது, டோர்ச்சை வாயில கடிச்சுக்கொண்டு கிண்டி நகம் பிஞ்சதுதான் மிச்சம். கடைசியாக் கத்தியால வெட்டினன், அவ்வளவு தண்ணியும் நெஞ்சில. நீங்கள் என்ன முடிச்சு போடுறனீங்கள்?

கரைவலை
அண்ணை, நைலோன் நனைஞ்சா நீளும், அதுதான் இளகினது. எனக்கும் ஒருக்கா வாடைக்காத்தில வள்ளக் கயிறு இறுகி வெட்ட வேண்டி வந்தது. ஒரு பக்கம் போலைன் எண்ட முடிச்சைப் போடுங்கோ: சின்ன வளையம் பிடிச்சு, நுனியைக் கீழால ஏத்தி, நீட்டுக் கயித்துக்குப் பின்னால சுத்தித் திரும்ப அதே வளையத்துக்குள்ள இறக்கிறது. எவ்வளவு இழுபட்டாலும் முதுகை முறிச்சு விட்டா கழரும். மற்றப் பக்கம் லொறியில பாரம் கட்டிற மாதிரி, நடுக்கயித்தில ஒரு கண் போட்டு, நுனியை மரத்தைச் சுத்திக் கொண்டுவந்து கண்ணுக்குள்ளால இழுங்கோ, கடைசி முடிச்சில நுனியை முழுக்க எடுக்காம மடிச்சு விடுங்கோ. மழைக்க எழும்பி ஒரு இழுவை, திரும்பவும் இறுக்கலாம். படுக்கிற பக்கம் கயித்தில ஒரு துணித்துண்டும் கட்டுங்கோ, கயித்தால வாற தண்ணி அதில வடியும்.

இரணைமடு
கரைவலை சொல்லுறது நைலோனுக்குச் சரி. கடையில வாங்கிற நீலப் பொலி கயிறு வழுக்கும், காத்துக்கு ஆடி ஆடி போலைன் தானாக் கழண்டதை நான் கண்ணால கண்டனான். நுனியை நீட்டா விட்டு இன்னொரு முடிச்சுப் போடாம நம்பாதேங்கோ. தறப்பாள் மூலையை நடுக்கயித்தில பிடிக்க, மெல்லிய கயிறை வளையமாக் கட்டி, நடுக்கயித்தில மூண்டு சுத்துச் சுத்தி அதே வளையத்துக்குள்ளால இழுத்து, பிரசிக் எண்ட முடிச்சைப் போட்டா கையால தள்ள நகரும், பாரம் வந்தா பிடிக்கும். ரெண்டு கயிறும் ஒரே தடிப்பெண்டா சரியாப் பிடிக்காது.

செட்டிகுளம் பிள்ளை
மரம் இருந்தாத்தானே அண்ணையாக்கள் இதெல்லாம். 2009 மாசி, கடைசிச் சண்டைக்க இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரையில வலைஞர்மடத்தில இருந்தம், வெறும் கடல்மணல். அடிச்ச கட்டையெல்லாம் காத்துக்குப் பிடுங்குப்பட்டுது. அப்பா, அம்மான்ர கூறைச்சீலையில தைச்ச மண்மூட்டையில கயிறைக் கட்டித் தாட்டார். தறப்பாள்க் கண் ஒண்டு கிழிஞ்சு போச்சு, அம்மா அந்த மூலைக்குள்ள ஒரு பிடி மண்ணை வைச்சுப் பொத்தி, குமிழ் மாதிரி வர அதின்ர கழுத்தில கயிறைச் சுருக்கினா. அந்தக் குமிழ் என்ர தலைமாட்டிலதான் இருந்தது. அந்த மூலை கிழியவே இல்லை.

முத்தையன்கட்டு வயல்காரன்
லொறிப் பாரம் கட்டிற முடிச்சை நாளைக்கே பாலைமரத்தில போட்டுப் பாக்கிறன். தங்கச்சி, மண்மூட்டை எவ்வளவு ஆழத்தில தாட்டவர்?

செட்டிகுளம் பிள்ளை
அப்பான்ர கை தோள்மூட்டு வரைக்கும் உள்ள போனது அண்ணை.