மண்டையோடும் பூங்கொத்தும்: டச்சுப் பெண் ஓவியர்கள் மரணத்தை வேறு மாதிரி பார்த்தார்களா?

தூரிகை:
மரியா ஃபான் ஊஸ்டர்வைக் 1668இல் வரைந்த வானிடாஸ் (வாழ்வின் நிலையாமையைச் சொல்லும்) ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. மண்டையோடு, மணல்கடிகாரம், தானியம் கொறிக்கும் எலி என எல்லாம் அந்தக் கால நிலையாமை ஓவியங்களின் வழக்கமான சாமான்தான். ஆனால் அங்குள்ள கண்ணாடிக் குப்பியில் அவர் உருவமே தெரிகிறது. அழியப்போகிறவற்றோடு தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். ஆண்கள் நிலையாமையை ஊருக்கு உபதேசித்தார்கள், பெண்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

கல்மரம்:
நிற்காத கட்சி. பீட்டர் கிளாஸ் சுமார் 1628லேயே ஒரு வானிடாஸில், கண்ணாடி உருண்டைக்குள் ஓவியர் உட்கார்ந்து வரைவதைக் காட்டிவிட்டார். ஆண் செய்தால் உத்தி, பெண் செய்தால் ஆத்ம விசாரமா? ஊஸ்டர்வைக்கின் ஓவியங்களை பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி வரை வாங்கியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த கை அது.

தூரிகை:
கிளாஸ் இருக்கட்டும், பூ ஓவியர் ரேச்சல் ராய்ஸுக்கு வாருங்கள். அப்பா ஃபிரெடரிக் உடற்கூறு அறிஞர். குழந்தைச் சடலங்களைப் பதப்படுத்தி, லேஸ் துணி சுற்றிக் காட்சிக்கு வைத்தவர். 1717இல் அந்தத் தொகுப்பை ரஷ்ய ஜார் பீட்டர் விலைக்கு வாங்கினார். அந்த வீட்டுப் பெண் தலை தொங்கிய பூவை வரைந்தால் அது வெறும் பூவா?

கல்மரம்:
இதோ, அப்பா வந்துவிட்டார்! பெண் ஓவியரைப் பற்றிப் பேசினால் ஏன் கடைசியில் அப்பாவின் ஜாடிகளுக்கு முன்னால் போய் நிற்கிறோம்? ரேச்சல் வில்லெம் ஃபான் ஆல்ஸ்ட்டிடம் தொழில் கற்றவர். 10 பிள்ளைகள் பெற்றவர். 80 வயது தாண்டியும் வரைந்தார், கையொப்பத்தோடு வயதையும் எழுதினார். அதில் மரண பயம் எங்கே இருக்கிறது? கெத்துதான் இருக்கிறது.

நெய்தல்:
யூடித் லேஸ்டரை விட்டுவிட்டீர்களே. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள 'கடைசித் துளி'யில் இரண்டு ஆண்கள் குடித்துக் கும்மாளமிடுகிறார்கள், பக்கத்திலேயே மணல்கடிகாரம் ஏந்திய எலும்புக்கூடு. பிற்காலத்தில் யாரோ எலும்புக்கூட்டின் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். மிஞ்சியது ஜாலியான குடிக் காட்சி. 20ஆம் நூற்றாண்டில் சுத்தம் செய்தபோதுதான் அது வெளியே வந்தது.

கல்மரம்:
எலும்புக்கூட்டைக் கூடத்தில் மாட்ட எத்தனை பேர் கேட்பார்கள்? விற்பனைக்காகவே மறைத்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புக்கூடு பாடம் நடத்துவது குடிகாரர்களுக்கு. லேஸ்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆண்கள் மட்டும்தான் உபதேசித்தார்கள் என்ற தூரிகையின் கட்சிக்கு இது எதிர்ச்சாட்சி.

தூரிகை:
ஒரு ஓவியத்தை வைத்துத் தீர்ப்பா? அப்புறம், ரேச்சலின் வயது விஷயம். கெத்தாகவே இருக்கட்டும். 83 என்று எழுதும்போது அடுத்த ஓவியம் உண்டா என்ற எண்ணம் வராமலா இருந்திருக்கும்?

கல்மரம்:
வந்திருக்கும். ஆணாக இருந்தாலும் வந்திருக்கும்.