மஸ்டாங் ஜிடி-க்கு வெளி இன்டேக்: 62,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

வேளச்சேரி_வி8
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் செகண்ட் ஹேண்டுல ஒரு 2017 மஸ்டாங் ஜிடி எடுத்தேன். 5 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக். ஏர் ஃபில்டர் மாத்த வேண்டிய நேரம் வந்துடுச்சு. கடைக்காரர் ஒருத்தர், "ஃபில்டருக்கு ஏன் சார் காசை வீணாக்குறீங்க, காத்து போற ஃபில்டர், பெட்டி, குழாய்னு முழு இன்டேக்கையே மாத்திடலாம், கஸ்டம்ஸ் வரியோட 62,000"ங்கிறார். இதே கார் அமெரிக்காவுல 435 குதிரை, இந்தியாவுல வித்தது 395. மிச்சம் 40 குதிரையும் ஏர் பாக்ஸுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு சத்தியம் பண்றார். படத்துல பார்க்க நல்லாத்தான் இருக்கு. சிவப்புக் கூம்பு ஃபில்டர், பளபளன்னு குழாய். போட்டவங்க சொல்லுங்க, போடலாமா?

கோவை_டியூனர்
தாராளமா போடுங்க. என் காருக்கும் போட்டிருக்கேன், மத்தவங்களுக்கும் ஒரு பதினஞ்சு கார் பண்ணிக் கொடுத்திருக்கேன். இன்ஜின்ங்கிறது ஒரு காத்து பம்ப்புங்க, அவ்வளவுதான். 5 லிட்டர் இன்ஜின் 6,500 ஆர்பிஎம்ல சுத்துறப்ப நிமிஷத்துக்குச் சுமார் 16,000 லிட்டர் காத்து இழுக்கும். கம்பெனிக்காரன் பெட்டி செய்யறப்ப சத்தம் அடங்கணும், விலை கட்டணும், அசெம்பிளி லைன்ல ஒரே நிமிஷத்துல மாட்டணும்னு பத்து கணக்குப் பார்ப்பான். அதுல குதிரை எத்தனாவது இடத்துல வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. டைனோவுல, அதான் காரை உருளை மேல ஓட்டி சக்தியை அளக்கிற மெஷின்ல, 12 வரைக்கும் ஏறி நான் கண்ணால பார்த்திருக்கேன். கடைக்காரர் சொன்ன 40 பொய்யுங்க. இந்த 12 பொய்யில்லை.

ஓய்வு_மெக்கானிக்
தம்பி, ஒரே ஒரு கேள்வி. டைனோவுல ஓட்டினப்ப பானெட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

கோவை_டியூனர்
திறந்துதானுங்க ஐயா. முன்னாடி பெரிய ஃபேன் வச்சுத்தான் ஓட்டுவோம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.

ஓய்வு_மெக்கானிக்
அங்கதான் கணக்கு தப்புது. முப்பத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப்புல நின்னவன் சொல்றேன், யாரும் பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அண்ணா சாலையில போறதில்லை.

காத்து சூடாக ஆக அடர்த்தி குறையும். மூணு டிகிரிக்கு ஒரு சதவீதம்னு தோராயமா வச்சுக்கலாம். கம்பெனி பெட்டி மூடின பெட்டி, அதோட மூக்கு முன்னாடி கிரில் பக்கம் நீட்டிக்கிட்டு வெளிக்காத்தை எடுக்குது. நீங்க அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, ரேடியேட்டருக்குப் பக்கத்துல ஒரு கூம்பைத் திறந்தபடி வைக்கிறீங்க. சித்திரை மாசத்துல வெளியில 40 டிகிரி. பானெட்டுக்குள்ள 58னு வச்சாக்கூட, உள்ள போற காத்துல அஞ்சு சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. 395-ல அஞ்சு சதவீதம் எவ்வளவு? கிட்டத்தட்ட 20 குதிரை. இது போதாதுன்னு, உள்ளே வர்ற காத்து சூடுன்னு தெரிஞ்சதும் இசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை) பின்னாடி இழுக்கும், அது தனி நஷ்டம். டைனோவுல பன்னிரண்டு வாங்கி கத்திப்பாராவுல இருபது கொடுக்கிற வியாபாரம் இது.

ஈசிஆர்_ராத்திரி
ஐயா, சண்டைக்கு வரலை. என் காருல திறந்த கூம்புதான் இருக்கு, இன்ஜின் அளவுகளைப் போன்ல காட்டுற ஓபிடி டாங்கிள் எப்பவும் சொருகியே வச்சிருக்கேன். போன வாரம் பார்த்ததை அப்படியே எழுதுறேன். வெளியில 36. கத்திப்பாராவுல டிராஃபிக்ல நின்னு நின்னு நகர்ந்தப்ப இன்டேக் காத்து 68 வரைக்கும் போச்சு. நீங்க சொன்ன 58-ஐ விட மோசம். ஆனா ஈசிஆர்ல அக்கரை தாண்டி 80-ல போக ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு நிமிஷத்துல 41-க்கு இறங்கிடுச்சு. டிராஃபிக்ல யாரு சார் ஃபுல் திராட்டில் மிதிக்கிறா? மிதிக்கிற இடத்துல சூடு இல்லை, சூடு இருக்கிற இடத்துல மிதிக்கிறதில்லை.

ஓய்வு_மெக்கானிக்
நல்ல பதில், ஒத்துக்கிறேன். 41-ம் 36-ம் இன்னும் அஞ்சு டிகிரி வித்தியாசம்தான், அதையும் குறிச்சுக்க. பழைய பெட்டியோட அதே ரோட்டுல எவ்வளவு காட்டுச்சு?

ஈசிஆர்_ராத்திரி
அதைப் பார்க்கலை ஐயா. டாங்கிள் வாங்கினதே இன்டேக் போட்டதுக்கு அப்புறம்தான்.

ஓய்வு_மெக்கானிக்
எல்லாரும் இப்படித்தான். மருந்து குடிச்சுட்டு காய்ச்சல் பார்க்கிறது.

அடையாறு_அப்பா
வேளச்சேரி தம்பிக்கு வேற ஒண்ணு சொல்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ உங்க ஏரியா எப்படிக் கிடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? இந்த மாதிரி இன்டேக்கெல்லாம் பம்பர்கிட்ட கீழே இருந்து காத்து இழுக்கும். ஒரு டம்ளர் தண்ணி சிலிண்டருக்குள்ள போனாப் போதும், தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

டொரோண்டோ_அண்ணை
அது இந்தக் காருக்குப் பொருந்தாது. நான் இஞ்ச 2015 ஜிடி வச்சிருக்கிறன், ஆறு வருசமா இன்டேக் போட்டுத்தான் ஓடுறன். மஸ்டாங்குக்கு வாற கிட் எல்லாம் பழைய பெட்டி இருந்த அதே இடத்தில, அதே உயரத்தில தான் இருக்கும். நீளக் குழாயைப் பம்பருக்குள்ள இறக்கிற கிட் வேற கார்களுக்கு வாறது, உந்தத் தண்ணிக் கதை அதுகளுக்குச் சரி. வேளச்சேரியில இடுப்பளவு வெள்ளம் எண்டால் எந்தப் பெட்டியும் காப்பாத்தாது தம்பி.

நீங்கள் ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்டு கிடக்கு. அந்தக் கிட்டுக்கு டியூன், அதாவது இசியூவின்ர கணக்கைத் திருப்பி எழுதிறது, வேணுமோ வேண்டாமோ? மஸ்டாங்குக்கு ரெண்டு வகையும் விக்கிறாங்கள்.

வேளச்சேரி_வி8
டியூன் தேவையில்லை, அப்படியே மாட்டிட்டு ஓட்டலாம்னு கடைக்காரர் சொன்னார் அண்ணே. ஆனா பெட்டி மேல என்னமோ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, வாங்கிப் படிக்கலை.

டொரோண்டோ_அண்ணை
முதல்ல அதைப் படியும். காத்தை அளக்கிற எம்ஏஎஃப் சென்சார் அந்தக் குழாயுக்க தான் இருக்கு. ஒரு சூடான கம்பி, காத்து பட்டால் குளிரும், எவ்வளவு குளிருது எண்டதை வச்சு இசியூ கணக்குப் போடும். ஆனால் அது குழாயில ஒரு புள்ளியில தான் அளக்குது. குழாய் இத்தின மில்லிமீட்டர் எண்டு இசியூவுக்கு ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கினம். 90 மில்லிமீட்டர் இருந்த இடத்தில 100 போட்டால் பரப்பு 23 சதவீதம் கூடும், காத்தின்ர வேகம் 19 சதவீதம் குறையும். காத்து குறைவா வருகுது எண்டு நினைச்சு இசியூ பெட்ரோலையும் குறைக்கும்.

எனக்கு நடந்தது இது. முதல் போட்ட கிட்டோட மூண்டு நாளில செக் இன்ஜின் லைட், பி0171-ம் பி0174-ம் ஒண்டா. ரெண்டு பக்க சிலிண்டரும் லீன், எண்டால் காத்துக்கு ஏத்த பெட்ரோல் காணாது. கழட்டி வேற கிட் போட்டன், சென்சார் இருக்கிற இடத்தில பழைய அளவே கொண்டது. அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.

ஓய்வு_மெக்கானிக்
> காத்து குறைவா வருகுது எண்டு நினைச்சு இசியூ பெட்ரோலையும் குறைக்கும்.

இதோட அடுத்த பாதியையும் நான் சொல்லிடறேன். காத்து குறைச்சல்னா லோடு (இன்ஜின் மேல இருக்கிற சுமை) குறைச்சல்னு இசியூ எடுத்துக்கும். லோடு குறைச்சலா இருந்தா டைமிங்கை முன்னாடி தள்ளும். கொஞ்சம் லீன், கொஞ்சம் டைமிங்: டைனோவுல நம்பர் ஏறத்தான் செய்யும். "டியூன் இல்லாமலே ஏறிடுச்சு"ன்னு பல பேர் காட்டுற கிராஃப்ல பாதி இப்படி வந்ததுதான். குழாய் கொடுத்த குதிரை இல்லை அது, பொய் சொன்ன சென்சார் கொடுத்தது. மே மாசத்துல மூணு பேரை ஏத்திக்கிட்டு ஏற்காடு ஏறும்போது அதே இன்ஜின் நாக் பண்ணும், பெட்ரோல் தப்பான நேரத்துல தானா வெடிச்சுத் தட்டும்.

கோவை_டியூனர்
அதுக்குத்தானுங்க ஐயா டியூனருன்னு ஒரு ஆள் இருக்கான்! எம்ஏஎஃப் டேபிளைப் புதுக் குழாய்க்கு ஏத்த மாதிரி திருப்பி எழுதிட்டா முடிஞ்சுது. டியூன் பண்ணாம யாரோ மாட்டின கிட்டுக்கு நான் ஏன் திட்டு வாங்கணும்?

அடையாறு_அப்பா
டியூனுக்குத் தனியா எவ்வளவு?

கோவை_டியூனர்
அதை இங்க போட வேண்டாமுங்க, தனியா பேசிக்கலாம்.

அடையாறு_அப்பா
ஆக 62,000 இன்னும் முடியலை. சட்டத்தையும் கொஞ்சம் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே அதை அழுத்திச் சொல்லியாச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு: ஒரு மாற்றத்துக்கு 5,000 அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும்.

ஈசிஆர்_ராத்திரி
ஆர்சி-யில சிசி இருக்கு, நிறம் இருக்கு, சேஸிஸ் நம்பர் இருக்கு. ஏர் ஃபில்டர் எந்த வரியில சார் இருக்கு?

அடையாறு_அப்பா
அந்த வாதத்தை ரோட்டோரமா நிறுத்துற இன்ஸ்பெக்டர்கிட்ட வைங்க. அவர்கிட்ட ஜெயிச்சாலும் இன்ஷூரன்ஸ் சர்வேயர்கிட்ட இன்னொரு தடவை வைக்கணும். கம்பெனிக்குச் சொல்லாம மாத்தின பார்ட்டைப் பார்த்தா அவர் முகம் எப்படி மாறும்னு பார்த்தவன் நான், வேற கார், வேற மாற்றம். எழுத்துல தெரிவிச்சுட்டுப் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஓய்வு_மெக்கானிக்
தூசியை யாருமே பேசலை. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்குது, தினம் அந்தப் புழுதியில போறீங்க. பேப்பர் ஃபில்டர் பொடித் தூசியையும் நல்லாப் பிடிக்கும். எண்ணெய் தடவின பருத்தி ஃபில்டர் காத்தைச் சுலபமா விடுதுன்னா, கூடவே இன்னும் எதையெல்லாம் விடுதுன்னும் கேக்கணும். அதைக் கழுவிட்டு நம்ம பசங்க எண்ணெய் தடவுற அழகு இருக்கே, தோசைக்கல்லுக்குத் தடவுற மாதிரி. மிச்ச எண்ணெய் எல்லாம் அந்த எம்ஏஎஃப் கம்பியிலதான் போய் ஒட்டும்.

ஈசிஆர்_ராத்திரி
சரி, உண்மையைச் சொல்லிடறேன். குதிரைக்காக நான் போடலை. 3,500-க்கு மேல மிதிச்சா அந்தக் கூம்புலேர்ந்து ஒரு உறுமல் வரும் பாருங்க, சைலன்சர் சத்தம் இல்லை அது, முன்னாடியிருந்து வர்றது. அதுக்குத்தான் போட்டேன். வீட்டுல மட்டும் "மைலேஜ் ஏறும்"னு சொல்லி வச்சிருக்கேன்.

டொரோண்டோ_அண்ணை
இப்பதான் ஒருத்தர் உண்மை கதைக்கிறார். ஃபோர்ட்காரனே என்ட காரில இன்டேக்கில இருந்து ஒரு குழாயை டிரைவர் இருக்கிற பக்கம் இழுத்து விட்டிருக்கிறான், சத்தத்துக்கு மட்டும். கனபேர் அதைக் கழட்டி மூடி போடுறவை, அது வேற கதை.

ஓய்வு_மெக்கானிக்
சத்தத்துக்குன்னு சொல்லிப் போட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. வேளச்சேரி தம்பி, குதிரைக்குத்தான்னா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற குழாயில பிரீத்தர் ஹோஸ், அதான் இன்ஜின் மூச்சு விடுற சின்னக் குழாய், வந்து சேரும். அந்த ஹோஸைக் கழட்டி அதோட வாயை அடைச்சுட்டு, அந்த இடத்துல நீளமான, உள்ளே தெரியற பிளாஸ்டிக் டியூப் ஒண்ணை மாட்டு, மீன் தொட்டிக்கு விக்கிறது போதும். இன்னொரு முனையை ஜன்னல் வழியா உள்ளே எடுத்து, யூ மாதிரி மடக்கி ஒரு பலகையில கட்டி, பாதிக்குத் தண்ணி ஊத்து. ஃபுல் திராட்டில்ல தண்ணி ரெண்டு பக்கமும் எத்தனை சென்டிமீட்டர் ஏறி இறங்குதுன்னு பார். 10 சென்டிமீட்டர் வித்தியாசம்னா ஒரு கிலோபாஸ்கல், அதாவது தோராயமா ஒரு சதவீதக் காத்து. உலகத்துலயே நல்ல இன்டேக் போட்டாலும் அதுக்கு மேல ஒரு குதிரையும் வராது. மடிப்பு நீளமா இருக்கணும், இல்லேன்னா தண்ணியை இன்ஜின் குடிச்சுடும்.

கோவை_டியூனர்
இதுக்கு நானும் சம்மதம். ரோட்டுல பண்ணாதீங்க, டிராக்ல பண்ணுங்க.

வேளச்சேரி_வி8
ரெண்டு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒரு ஞாயித்துக்கிழமை இடம் கிடைச்சுது, பண்ணிட்டேன். பலகையை மடியில வச்சுக்கிட்டு மச்சான் பக்கத்து சீட்டுல உக்கார்ந்தான். ரெண்டாவது கியர், தரையோட தரையா மிதிச்சேன்.

காரோட வந்த பழைய ஃபில்டர்: 31 சென்டிமீட்டர். கழட்டித் தட்டினா உள்ளேயிருந்து வேப்பிலைச் சருகு கொட்டுச்சு.
புது பேப்பர் ஃபில்டர், அதே பெட்டி: 22.

மூணாவது ரவுண்டுல பிரேக் அடிச்சப்ப மச்சான் பேன்ட் முழுக்கத் தண்ணி, அதோட நிறுத்திட்டோம்.

ஓய்வு_மெக்கானிக்
சபாஷ். ஃபில்டர் மாத்தினதிலேயே கிட்டத்தட்ட ஒரு சதவீதம், மூணு நாலு குதிரை வந்தாச்சு. பாக்கி மொத்தமே 2 சதவீதம் சொச்சம், எட்டுக் குதிரை. கோவை தம்பி, உங்க 12 குதிரையில "முன்னாடி" ஓட்டம் எந்த ஃபில்டரோட?

கோவை_டியூனர்
கார் வர்ற நிலையிலதானுங்க ஓட்டுவேன்... சரிங்க, புரியுது. இனிமே புது ஃபில்டர் போட்டு ஓட்டிட்டுத்தான் கணக்கெடுப்பேன். ஆனா அந்த எட்டுல ஒரு அஞ்சாவது எடுத்துக் கொடுப்பேன், அதை விடமாட்டேன்.

வேளச்சேரி_வி8
அஞ்சு குதிரைக்கு 62,000. குதிரை ஒண்ணு 12,400. கடைக்காரருக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு.

அப்படிச் சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் ஈசிஆர்_ராத்திரி தம்பி காரை ஒரு மாலோட கீழ்த்தளப் பார்க்கிங்ல கேட்டுத் தொலைச்சேன். அந்தக் கான்கிரீட்டுக்குள்ள அந்த உறுமல்... ரெண்டு நாளா தூக்கம் வரலை. மூடின பெட்டியோட, சென்சார் இடத்துல பழைய அளவே உள்ள கிட் ஏதாவது இருந்தா சொல்லுங்க. அபராதமும் சர்வேயரும் ஞாபகம் இருக்கு அடையாறு சார், கடிதம் எழுதி வச்சிருக்கேன்.

ஓய்வு_மெக்கானிக்
போடு. பழைய பெட்டியை மட்டும் எவனுக்கும் வித்துடாதே. கிளிப், ரப்பர் புஷ் எல்லாத்தையும் ஒரு கவர்ல கட்டி பரண்ல வை. பிளாஸ்டிக் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால நெம்பாதே, உடைஞ்சா இங்க தனியா கிடைக்காது.