பூனைக்குக் கல்லீரல் தட்டைப்புழு சந்தேகம்: வேலூர் பக்கம் உதவி தேவை

காட்பாடியில் 3 கிலோ எடையுள்ள பெண் பூனைக்காகக் கேட்கிறோம். விடாமல் பல்லி பிடித்துத் தின்பவள். ஈறும் காது மடலின் உட்புறமும் மஞ்சளாக இருக்கிறது. சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பல்லி வழியாகப் பித்தநாளத்துக்கு வரும் பிளாட்டினோசோமம் என்ற கல்லீரல் தட்டைப்புழுவாக இருக்கலாம்.

வழக்கமான மிதவை முறை (மேலே மிதந்து வரும் முட்டையைப் பார்ப்பது) மலப் பரிசோதனையில் இதன் முட்டை தப்பிவிடும், படிவு முறை (அடியில் படிவதைப் பார்ப்பது) வேண்டும். நாளம் முழுக்க அடைத்திருந்தால் அதிலும் வராது, ஸ்கேன்தான் வழி. வேலூர், ராணிப்பேட்டையில் இவை செய்யும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.

இதற்கான மருந்து பிராசிகுவாண்டல். நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் அளவு (கிலோவுக்குச் சுமார் 5 மி.கி.) இதற்குப் போதாது. கிலோவுக்கு 20 மி.கி., அதாவது இவளுக்கு 60 மி.கி., தினமும் 3 முதல் 5 நாள். நாய்களுக்கான கலவை மாத்திரையில் இதை எட்டினால் மற்ற மருந்துகளும் கூடிவிடும். பிராசிகுவாண்டல் மட்டும் உள்ள மாத்திரை எந்த மெடிக்கலில் கிடைக்கும்? டாக்டர் பார்த்த பிறகே கொடுப்போம்.