கடைவாய்ப் பால்பல் சொத்தை: வேர் சிகிச்சை பண்ணலாமா, புடுங்கிடலாமா?

சத்துவாச்சாரி அம்மா:
பையனுக்கு 5 வயசு. கீழ் வலது பக்கம் கடைசிப் பல்லுல கருப்பா பள்ளம். ஒரு வாரமா ராத்திரி எழுந்து அழறான். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு, வேர் சிகிச்சை பண்ணி ஸ்டீல் கேப் போடணும்னு சொல்றாரு. விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, புடுங்கிடலாம்னு மாமியார் சொல்றாங்க. எது சரி? ஊசின்னாலே பயப்படுவான்.

காட்பாடி பல் டாக்டர்:
அம்மா, 6, 7 வயசுல விழறது முன்பல். இந்தக் கடைசிப் பால்பல் 10–12 வயசு வரைக்கும் இருக்கணும். அதுக்குப் பின்பக்கத்துல, எந்தப் பல்லும் விழாமலே, 6 வயசுல முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். பால்பல்லை இப்பவே எடுத்துட்டா அந்தப் பெரிய பல் முன்னாடி நகர்ந்து இடத்தை அடைச்சிடும். அடியில இருக்கிற நிரந்தரப் பல் கோணலா வரும், இல்லன்னா ஈறுக்குள்ளேயே நின்னுடும். இடம் காக்க கம்பி போடலாம். ஆனா 6 வயசுப் பல் முளைக்காத நிலையில கம்பியோட நுனியை ஈறுக்குள்ள இறக்கணும், அது சிரமமான வேலை.

தானா ராத்திரி வலிக்குதுன்னா பெரும்பாலும் மேல் நரம்பை மட்டும் எடுத்தா போதாது. வேரையும் சுத்தம் பண்ணி, வேரோடு சேர்ந்து கரையுற பேஸ்ட்டை நிரப்புவாங்க. கேப்பைத் தவிர்க்காதீங்க. சொத்தை எடுத்த பல்லோட சுவர் மெலிஞ்சிருக்கும், வெறும் அடைப்புன்னா மெல்லும்போது உடையும். பல் விழும்போது கேப்பும் கூடவே விழுந்துடும்.

வேர் ரொம்பக் கரைஞ்சிருந்தாலோ, சீழ் எலும்பை அரிச்சிருந்தாலோ எடுக்கிறதுதான் சரி. எக்ஸ்ரேல அது தெரியுதான்னு கேளுங்க.

வாலாஜா அக்கா (பல் கிளினிக் நர்ஸ்):
காலையில அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கம்மா, மதியம் குழந்தை சோர்ந்துடும். "வலிக்காது", "ஊசி போட மாட்டாங்க"ன்னு சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க. பொய்யுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை வாயே திறக்க மாட்டான். "பல்லைத் தூங்க வைப்பாங்க"ன்னு சொன்னா போதும்.

கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டா உதடு இரண்டு மூணு மணி நேரம் மரத்திருக்கும். வேடிக்கையா கடிச்சிக்கிட்டே இருப்பான். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையா புண் தெரியும், சீழ்னு பதறிடுவாங்க. மரப்பு போற வரைக்கும் சாப்பாடு வேணாம், உதட்டைப் பார்த்துக்கிட்டே இருங்க.

குடியாத்தம் சுகாதாரம்:
மத்த பல்லையும் பாருங்க. மேல் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரமா சுண்ணாம்பு பூசினாப்புல வெள்ளைக் கோடு இருந்தா அதுதான் சொத்தையோட ஆரம்பம். அந்தக் கட்டத்துல ஃபுளோரைடு வார்னிஷ் பூசி நிறுத்த முடியும். 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு (3 வயசுக்குள்ளன்னா அரிசி அளவு), ரெண்டு வேளையும். ராத்திரி தேய்ச்ச பிறகு பால் கிடையாது. துப்பினா போதும், தண்ணி ஊத்திக் கொப்பளிக்க வேணாம். 7, 8 வயசு வரைக்கும் நீங்களே தேய்ச்சு விடணும். அவன் தலையை உங்க மடியில வெச்சா பின்பல் நல்லா தெரியும்.

மக்கன் பேடா மாதிரி இனிப்பை சாப்பாட்டோட ஒரே வேளையா கொடுத்துடுங்க. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா தின்னாதான் பல்லு கெடும். போர் தண்ணி குடிக்கிறீங்கன்னா ஃபுளோரைடு பரிசோதனை பண்ணுங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

சத்துவாச்சாரி அம்மா:
ரொம்ப நன்றிங்க. சனிக்கிழமைதான் தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் கிராம்பு எண்ணெய் வெக்கலாமா?

காட்பாடி பல் டாக்டர்:
வேணாம்மா, ஈறு வெந்துடும். எடைக்கு ஏத்த பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆஸ்பிரின் கூடாது. கன்னம் வீங்கினா, காய்ச்சல் வந்தா, முழுங்கக் கஷ்டப்பட்டா சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. ராத்திரியா இருந்தாலும் வேலூர் சி.எம்.சி மருத்துவமனை அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.