பழைய சி.என்.சி. மில்லிங் மெஷினுக்குப் புதிய கன்ட்ரோலர்: சர்வோ மோட்டார்களையும் மாற்ற வேண்டுமா?

காரைக்குடிப் பட்டறைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடிப் பூக்கல் (தரை ஓடு) போடுகிறவர்களுக்கு அச்சும், அரியக்குடி விளக்குப் பட்டறைகளுக்கு வார்ப்பு மாதிரியும் செய்து கொடுப்பது எனது தொழில். துவாக்குடியில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து, பழைய இரும்பு விலைக்கு கணினிக் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் (சி.என்.சி.) ஒரு செங்குத்து மில்லிங் மெஷினை வாங்கி வந்தேன். அதை இயக்கும் கணினியான கன்ட்ரோலரின் நினைவகத்தைக் காத்த பேட்டரி எப்போதோ தீர்ந்துபோனதால் பாராமீட்டர்கள் (அமைப்பு எண்கள்) முழுவதும் அழிந்துவிட்டன. அவற்றை எழுதி வைத்த தாளும் கிடைக்கவில்லை. படக்குழாய்த் திரையும் உயிர் பெறவில்லை.

எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆக்சிஸ்களிலும் (நகரும் திசைகள்) கார்பன் பிரஷ் உள்ள டி.சி. சர்வோ மோட்டார்கள் (வேகத்தையும் இடத்தையும் அளந்து திருத்திக்கொண்டே இயக்கப்படுபவை) இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் வேகத்தை அளக்கும் ஒரு டேக்கோவும், சுழன்ற அளவை எண்ணும் 2500 கோட்டு என்கோடரும் உள்ளன. மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 10 மி.மீ. மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவ்களுக்கு மின்சாரம் கொடுத்தால் பச்சை விளக்கு எரிகிறது. விலை கேட்ட இடத்தில், அனைத்தையும் கழற்றிவிட்டு ஏ.சி. சர்வோ போடுவதே முறை என்று சொல்லி, மெஷினை வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். மோட்டாரையும் டிரைவையும் அப்படியே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் மாற்ற வழி உண்டா?

திருச்சியிலிருந்து ஒரு பராமரிப்புப் பொறியாளர்:

வழி உண்டு. ஆனால் கன்ட்ரோலரைப் பற்றி யோசிப்பதற்கு முன், மெஷினின் உடம்பு செலவுக்குத் தகுதியானதா என்று பாருங்கள். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, முள்ளை மேசையில் இறுக்கிய ஒரு கட்டையின்மேல் வைத்து, ஸ்க்ரூவைக் கையால் ஒரு பக்கம் சுற்றிவிட்டுத் திருப்புங்கள். மேசை அசையாமல் ஸ்க்ரூ மட்டும் சுழலும் தூரம்தான் பேக்லாஷ். அது 0.02 மி.மீ. அளவில் இருந்தால் மகிழ்ச்சி, 0.10-ஐத் தாண்டினால் பணம் முதலில் நட்டுக்கும் பேரிங்குக்கும் போகட்டும். மென்பொருளில் பேக்லாஷை ஈடுகட்டலாம் என்பார்கள். ஆனால் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும்போது அந்த ஈடு நிற்காது.

அடுத்து டிரைவ். இவ்வகை டிரைவ்கள் கன்ட்ரோலரிடமிருந்து கூட்டலும் கழித்தலுமாக 10 வோல்ட் வரையான ஒரு மின்னழுத்தத்தை மட்டுமே வேகக் கட்டளையாக எதிர்பார்க்கின்றன. எந்த நிறுவனத்தின் கன்ட்ரோலர் அதை அனுப்புகிறது என்பது அவற்றுக்குப் பொருட்டே அன்று. எனவே கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றே இப்போதைக்கு உங்கள் கன்ட்ரோலர். மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக்கி, இடையில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்து, டிரைவுக்கு எனேபிள் (இயங்க அனுமதிக்கும் சிக்னல்) கொடுத்து, மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 10 வோல்ட்டுக்கு 2000 சுற்று என்று டிரைவ் அமைந்திருந்தால், 1.5 வோல்ட்டில் மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று, திணறாமல் சுற்ற வேண்டும்.

கப்ளிங்கைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டேக்கோவின் இரண்டு ஒயர்கள் இடம் மாறிவிட்டால், டிரைவ் தன் வேகத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மோட்டாரை முழு வேகத்தில் விரட்டும். எமர்ஜென்சி பொத்தான் கணினி வழியாக அல்லாமல் நேரடியாக, மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டரை விழச் செய்யும்படி இருக்கட்டும்.

மூன்று மோட்டார்களும் தேறினால், ஒரு கணினியில் லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோலர் மென்பொருளைப் போட்டு, மேசா நிறுவனத்தின் 7ஐ77 என்ற இணைப்பு அட்டையை வாங்குங்கள். அதை இயக்க 7ஐ92 போன்ற இன்னொரு அட்டையும் தேவை. 7ஐ77-இல் 6 அனலாக் வெளியீடும் 6 என்கோடர் உள்ளீடும் உண்டு. உங்கள் என்கோடர் ஒரு கோட்டுக்கு நான்கு என்று ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை தருவதால், 10 மி.மீ. பிட்சில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு மைக்ரான் கிடைக்கும். பூக்கல் அச்சுக்கு இது தாராளம்.

கோயம்புத்தூரிலிருந்து:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் பழைய டிரைவ்களை நீண்டகாலம் நம்ப வேண்டாம். கார்பன் பிரஷை அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் வரைபடமே இல்லாத டிரைவ் போர்டு எரிந்தால் அதைச் சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். குறைந்தது அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையாவது இப்போதே மாற்றுங்கள். ஏ.சி. சர்வோ டிரைவ்களில் பலவும் அதே 10 வோல்ட் கட்டளையை ஏற்பவை. பின்னாளில் ஓர் ஆக்சிஸ் போனால் அதற்கு மட்டும் ஏ.சி. போட்டுக்கொள்ளலாம், அட்டைக்குச் செலவழித்த பணம் வீணாகாது.

காரைக்குடிப் பட்டறைக்காரர்:

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்துச் சோதித்தேன். எக்ஸில் பேக்லாஷ் 0.03, ஒய்யில் 0.04. எக்ஸ் மோட்டார் பேட்டரிக்கு அழகாகச் சுற்றியது. ஒய் மோட்டார், எனேபிள் கொடுத்த கணத்திலேயே ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. டேக்கோ ஒயருக்கு நான் ஒட்டிய சீட்டு மாறியிருந்தது. கப்ளிங்கைக் கழற்றச் சொன்ன ஐயாவுக்கு நன்றி.

தலை மேலும் கீழும் நகரும் இசட்டில்தான் என் தவறு. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே விடுபட்டிருக்கும் பிரேக்குக்கான 24 வோல்ட்டை நேராகப் பவர் சப்ளையிலிருந்து கொடுத்துவிட்டேன். கப்ளிங்கை மாட்டிய பின் எனேபிளை எடுத்ததும், பிரேக் பிடிக்காமல் ஸ்பிண்டில் தலை தானாகக் கீழே இறங்கியது. பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய பர்மாத் தேக்கு உத்தரத் துண்டு ஒன்றை அடியில் வைத்திருந்ததால் மேசை தப்பியது. கட்டையில் மட்டும் ஸ்பிண்டில் மூக்கு வட்டமாகப் பதிந்திருக்கிறது. பிரேக்கை எங்கிருந்து எடுப்பது சரி?

திருச்சியிலிருந்து அதே பொறியாளர்:

பிரேக்கின் 24 வோல்ட்டை ஒரு ரிலே வழியாகக் கொடுத்து, அந்த ரிலேயை டிரைவ் எனேபிளோடு இணையுங்கள். வழக்கமாக நிறுத்தும்போது முதலில் பிரேக் பிடிக்கட்டும். அது இறுகுவதற்கு நொடியில் கால் பங்கு தந்து, அதன்பிறகே எனேபிள் போகட்டும். எமர்ஜென்சியிலும் மின்தடையிலும் இரண்டும் ஒன்றாக விழுந்தால் போதும். தலை மயிரிழை இறங்கினாலும் பாதகமில்லை. ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் ஒயரை என்கோடர் ஒயரோடு ஒரே குழாயில் கொண்டுபோகாதீர்கள். தேக்குக் கட்டை இன்னும் சில வாரங்கள் அங்கேயே இருக்கட்டும்.